எமல்ஷன் வாங்கும் முன் சுவரைத் தடவிப் பாருங்கள்

மும்பை தாராவி 90 அடி ரோட்டில் நான் வழக்கமாகப் பெயின்ட் வாங்கப் போகும் ஹார்டுவேர் கடையில், "நல்ல எமல்ஷனா ஒண்ணு கொடுங்க அண்ணாச்சி" என்றால் அவர் டப்பாவை எடுக்க மாட்டார். "எந்தச் சுவருக்கு? இப்ப அதுல என்ன அடிச்சிருக்கு?" என்பார். செம்பூர் ஃபிளாட்டுக்குக் குடிவந்த புதிதில் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கையில் கலர் கார்டு மட்டும்தான். வேறொரு கடையில் இருப்பதிலேயே விலை கூடியதை வாங்கி அடித்தேன். அடுத்த மழைக்காலத்தில், வெந்த தோசை கல்லை விட்டு எழும்புவது போல ஹால் சுவரில் ஓரம் தூக்கியது. இழுத்தால் முழம் முழமாகக் கையோடு வந்தது. உரிந்ததன் பின்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி, பழைய டிஸ்டெம்பர் என்ற மலிவான பொடிப் பூச்சு. பெயின்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதலில் சுவர்

எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் போன்ற பசைத் துகள்களும் நிறப்பொடியும். தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். அந்தப் படலம் சுவரில் உள்ள பழைய பொடியைப் பிடித்துக்கொண்டிருந்தால், பொடி உதிரும்போது அதுவும் உதிரும். அதனால் உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தடவுங்கள். வெள்ளை ஒட்டினால் அது பெரும்பாலும் சுண்ணாம்போ டிஸ்டெம்பரோதான். சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்த பிறகே எமல்ஷன்.

அடுத்தது ஈரம். ஓர் அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவருக்குள் ஓதம் இருக்கிறது. குழாயோ வெளிச்சுவர் விரிசலோ, கசிவை அடைக்காமல் எந்த பெயின்டும் நிற்காது. புதிய சிமென்ட் பூச்சாக இருந்தால் குறைந்தது 28 நாளாவது ஆகட்டும்.

பழைய கட்டிடத்தில் பளபளவென்று ஆயில் பெயின்ட் இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பைப் போக்க வேண்டும். ஆனால் உலர்வாகத் தேய்க்காதீர்கள், தூசி பறக்காதபடி தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், அந்தத் தூசியில் ஈயம் இருக்கலாம். பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் இந்தியாவில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மட்டா, மினுமினுப்பா?

கடையில் எகானமி, பிரீமியம், லக்சுரி என்று அடுக்குவார்கள். எனக்கு அதைவிட முக்கியம் மினுமினுப்பு. மினுங்காத மட் எமல்ஷனில் பொடி அதிகம், பசை குறைவு. வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் சுவரின் மேடு பள்ளத்தை மறைக்கும், பின்னால் ஒரு இடத்தில் மட்டும் தொட்டு அடித்தாலும் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கறையைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும். மினுமினுப்பான சாட்டின், சில்க் வகைகளில் பசை அதிகம், நன்றாகத் துடைக்கலாம். பட்டி பார்த்தது (மாவு பூசிச் சுவரைச் சமப்படுத்தியது) சரியில்லை என்றால் அதையும் ஊருக்கே காட்டும்.

என் தேர்வு: படுக்கையறைக்கு மட். பிள்ளைகள் கிறுக்கும் ஹாலுக்குக் கழுவக்கூடிய லேசான மினுமினுப்பு. சமையலறையில் டைல்ஸுக்கு மேலே உள்ள சுவரில் தாளிப்புப் புகை படியும், அங்கே சாட்டின்தான். பாத்ரூமுக்குப் பூஞ்சைத் தடுப்பு உள்ளதா என்று டப்பாவில் பாருங்கள்.

சீலிங்குக்கு

இங்கே யோசிக்கவே வேண்டாம், தட்டையான மட் வெள்ளை. மாட்டுங்காவில் என் அத்தை வீட்டில் சுவருக்கு வாங்கிய சில்க் மீந்தது என்று சீலிங்கிலும் அடித்துவிட்டார்கள். ட்யூப்லைட் போட்டால் ரோலர் போன தடம் ஒவ்வொன்றும் உழுத வயல் மாதிரி தெரியும். "படுத்தா கண்ணு அங்கேயே போகுதுடா" என்பார் அத்தை. கடைசிக் கோட்டில் (பூச்சில்) ரோலரை ஜன்னல் வெளிச்சம் வரும் திசையிலேயே ஓட்டுங்கள். சீலிங்கை முடித்துவிட்டுத்தான் சுவர்.

மேல்வீட்டு பாத்ரூம் கசிந்து பழுப்பு வட்டம் விழுந்திருந்தால் எமல்ஷன் மட்டும் அடிக்காதீர்கள். அந்தக் கறை தண்ணீரில் கரைந்து மேலே வந்துவிடும். கசிவு நின்று காய்ந்த பின், கறையின் மேல் ஆயில் பிரைமர் ஒரு கோட் போட்டுவிட்டு அடியுங்கள். மேல்வீட்டுக்காரரிடம் பேசுவது தனிக் கலை, அதை சொசைட்டி செகரட்டரியிடம் விட்டுவிடலாம்.

எவ்வளவு வாங்குவது

10க்கு 12 அடி அறை, உயரம் 9 அடி. சுற்றளவு 44 அடி, அதை 9 ஆல் பெருக்கினால் 396 சதுர அடி. கதவு ஜன்னலைக் கழித்தால் சுமார் 360. இரண்டு கோட்டுக்கு 720. பட்டி பார்த்த சுவரில் ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி என்று நான் கணக்குப் போடுவேன், ஆக 6 லிட்டர். சீலிங்குக்கு 2 லிட்டர். டப்பாவில் போட்டிருக்கும் பரப்பளவு ஒரு கோட்டுக்கா இரண்டு கோட்டுக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெஷினில் கலர் கலக்க வாங்கும் பேஸ் டப்பாவில் 4 லிட்டருக்குப் பதில் 3.6 இருக்கும். கலர் ஊற்ற விட்ட இடம் அது, ஏமாற்று இல்லை.

தண்ணீர் கலப்பதை மட்டும் கண்ணால் பாருங்கள். அளவு டப்பாவிலேயே இருக்கிறது, பெயின்டரின் கை அதை மீறும்.

கலர்

கடை வெளிச்சத்தில் முடிவு செய்யாதீர்கள். சின்ன டப்பா வாங்கி, சுவரில் இரண்டடிச் சதுரம் இரண்டு கோட் அடித்து, பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். காய்ந்தால் பெரும்பாலும் கொஞ்சம் அடர்த்தியாகும்.

மும்பையில் ஜூன் இரண்டாம் வாரம் வாக்கில் மழை பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு செப்டம்பர் முடியும் வரை காற்றில் ஈரம் நிற்பதால் கோட் காய நேரமெடுக்கும். தீபாவளிக்கு முன் அடிக்க வேண்டுமென்றால் அக்டோபரில், மழை நின்று சுவர் காய இரண்டு வாரமாவது விட்டு ஆரம்பியுங்கள். அடித்து முடித்த ஒரு மாதத்துக்குச் சுவரைக் கழுவ வேண்டாம்.

மீந்த பெயின்டை மூடி இறுகும் பாட்டிலில் ஊற்றி, ஷேட் நம்பரையும் தேதியையும் எழுதி ஒட்டிவையுங்கள். என் வீட்டில் ஊறுகாய் பாட்டிலில் ஊற்றியதால் மேலே பெரிதாக "பெயின்ட்" என்றும் எழுத வேண்டியிருந்தது.