புயலுக்குப் பிறகு ஒரு வாரம் கரண்ட் இல்லாமல்: நம் கடலோரத்துக்காரர்களுக்கு

கரண்ட் போகப்போகிறது என்றால் எல்லாரும் முதலில் இருட்டைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள், கடைக்கு ஓடி மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் வாங்கி அடுக்குகிறார்கள். நம் ராமநாதபுரம் கடலோரத்தில் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் இருட்டு பெரிய விஷயம் இல்லை, தண்ணீர்தான் விஷயம். காவிரிக் கூட்டுக் குடிநீர் திருச்சிப் பக்கத்திலிருந்து மோட்டார் வைத்துத் தள்ளித்தான் நம் ஊர்க் குழாய்க்கு வருகிறது, வழியில் ஒரு நீரேற்று நிலையத்தில் கரண்ட் இல்லை என்றாலும் இங்கே குழாய் காய்ந்துவிடும். வீட்டு போரும் ஓடாது, மாடியில் சிண்டெக்ஸ் எத்தனை பெரிதாக இருந்தாலும் இரண்டு நாளில் வற்றிவிடும்.

அதனால் பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்றே தண்ணீர் பிடிக்க ஆரம்பித்துவிடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஏழு நாளுக்கு 140 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஏழு. இதை மூடி வைத்து, மொண்டு குடிக்காமல் சாய்த்து ஊற்றிக் குடியுங்கள், கை படாத தண்ணீர் பல நாள் தாங்கும். கழிவறைக்கும் கழுவவும் தனியாக டிரம், அண்டா, பழைய பெயின்ட் வாளி எது கிடைத்தாலும் நிரப்புங்கள். குளித்த தண்ணீரை வீணாக்காமல் ஒரு டப்பில் பிடித்தால் கழிவறைக்கு அதுவே போதும்.

மழைத் தண்ணீர் பிடிக்கலாம், ஆனால் புயல் காற்று கடல் உப்பை வாரி மொட்டை மாடி முழுக்கப் பூசியிருக்கும், அதனால் முதல் அரை மணி நேர மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள். ராமேசுவரம் தீவிலும் மண்டபம் பக்கமும் மணலில் ஊத்துத் தோண்டுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மழை நீர் உப்பு நீரைவிட லேசு என்பதால் மேலாகத் தங்கி நிற்கிறது, அதனால் ஆழமாகத் தோண்டக் கூடாது, அவசரப்பட்டு வாரி வாரி இறைக்கவும் கூடாது, இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும். கடல் உள்ளே புகுந்து போன இடத்தில் ஊத்து கொஞ்ச நாளைக்கு ஆகாது. ஊத்துத் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ, குடிக்கிறதாக இருந்தால் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் நின்ற பிறகுதான். கலங்கலாக இருந்தால் முதலில் நாலு மடிப்புத் துணியில் வடிகட்டுங்கள். குளோரின் மாத்திரை இருந்தால் அட்டையில் எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று போட்டிருக்கிறதோ அதன்படி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். ஒன்று, கொதித்தாலும் குளோரின் போட்டாலும் உப்பு போகாது, கரிக்கிற தண்ணீர் கரித்துக்கொண்டேதான் இருக்கும்.

ஏன் இத்தனை நாள் ஆகிறது என்று லைன்மேனைத் திட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் துணை மின் நிலையம், அப்புறம் உயர் அழுத்த லைன், அப்புறம் டிரான்ஸ்பார்மர், கடைசியாகத்தான் தெருவும் வீடும். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன, டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் உள்கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. ராமேசுவரம் தீவுக்குக் கம்பமும் கம்பியும் ரோட்டில் வர ஒரே ஒரு பாலம்தான் இருக்கிறது. கம்பமே விழாவிட்டாலும், கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர் மேல் படிந்த உப்பு லேசான தூறலில் நனைந்தால் பொறி பறந்து லைன் டிரிப் ஆகும், அதைத் துடைத்தெடுக்காமல் கரண்ட் நிலைக்காது. புகாருக்கு மின்னகம் எண் 94987 94987. மீட்டர் சர்வீஸ் எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும், போன் அணைந்த பிறகு பழைய பில்லைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

அறுந்து கிடக்கும் கம்பி பக்கத்தில் போகவே கூடாது. ஊரே இருட்டாக இருக்கிறதே, இதில் எங்கே கரண்ட் என்று நினைத்துத்தான் தொடுகிறார்கள். யாராவது ஒரு வீட்டில் ஜெனரேட்டரை பிளக்கில் செருகி வீட்டு வயரிங்குக்குள் விட்டிருந்தால் அது டிரான்ஸ்பார்மர் வழியாக உயர் அழுத்தமாகவே லைனுக்குத் திரும்பிப் போகும், கம்பத்தில் ஏறியிருக்கும் ஆள் அங்கேயே போய்விடுவார். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் லைனையும் ஜெனரேட்டரையும் ஒன்று சேரவிடாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள், இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக நேராக ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் மட்டும் கொடுங்கள்.

அடுத்தது சாப்பாடு. கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் பனிப்புயலில் கரண்ட் போன கதை சொல்லும்போது எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும், பால் பாக்கெட்டை வாசலில் பனியில் புதைத்து வைத்துவிட்டால் முடிந்தது அவர்களுக்கு. 2013 டிசம்பரில் டொராண்டோவில் உறைபனி மழை பெய்து லட்சக்கணக்கான வீடுகள் கரண்ட் இல்லாமல் கிடந்தன, அவர்கள் கவலையெல்லாம் குளிர்தான். நமக்கு எதிர்ப்பக்கம், எல்லாம் அழுகும். ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் கீழ்த்தட்டு நாலு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃபிரீசர் இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். அதனால் கூண்டு ஏறிய அன்றே பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஃபிரீசரில் காலி இடம் இல்லாமல் அடைத்துவிடுங்கள், உருகினால் குடிக்கவும் ஆகும்.

மீன் விஷயத்தில் கறாராக இருங்கள். புயல் சமயத்தில் படகு போகாது, ஐஸ் பிளான்டும் ஓடாது, வீட்டில் இருக்கிற மீனை விடவும் மனசு வராது. ஆனால் சூரை, கானாங்கெளுத்தி, மத்தி இவையெல்லாம் குளிர் விட்டுக் கிடந்தால் அதில் ஒரு நஞ்சு ஊறிவிடும், பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து தலை இடித்து உடம்பெல்லாம் தடிக்கும். ஐஸ் இருக்கும்போதே முடிவெடுங்கள்: அன்றைக்குக் குழம்புக்கு வேண்டியது போக மீதியைக் கீறி, மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு கல் உப்பு என்று அடுக்கி மூடி வையுங்கள், வெயில் வந்ததும் காயப்போட்டால் கருவாடு. வெயில் வரவே இல்லை என்றால் இரண்டு நாளில் வடிந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி உப்புப் போடுங்கள்.

தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு காலையில் வைத்தால் ராத்திரிக்குக் கெட்டுவிடும், புளிக்குழம்பு வையுங்கள், கருவாட்டுக் குழம்பு வையுங்கள், காலையும் மாலையும் ஒரு கொதி விட்டால் மறுநாளும் இருக்கும். கீழக்கரைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஒரு டப்பா தொதல், அதுதான் அந்தத் தேங்காய்ப்பால் அல்வா, வீட்டில் இருந்தால் பிள்ளைகள் சமாளிப்பார்கள். அம்மியைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள், மிக்ஸி ஓடாது.

கேஸ் தீர்ந்து சீமைக்கருவேலக் கரியிலோ விறகிலோ சமைப்பவர்கள் மழைக்குப் பயந்து அடுப்பை உள்ளே எடுத்துவந்து கதவைச் சாத்தாதீர்கள். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் பனிப்புயலில் கரண்ட் போனபோது, குளிருக்காக வீட்டுக்குள் கரி மூட்டியும் ஜெனரேட்டர் ஓட்டியும் பலர் செத்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, புகையே இல்லாமல் கனிகிற கரியிலிருந்தும் வரும், தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும். கொசுவுக்காக ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டுத் தணல் சட்டி வைக்கிற வீடுகள் நம் பக்கம் உண்டு, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி.

இன்வெர்ட்டர் கணக்கு: 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி முழுச் சார்ஜில் 1800 வாட் மணி நேரம், நடைமுறையில் ஆயிரம் கிடைத்தால் நல்லது. பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும், புதிய பிஎல்டிசி ஃபேன் 30 வாட்தான். ஒரு பிஎல்டிசி ஃபேனும் 9 வாட் பல்பு இரண்டும் ஓட்டினால் 20 மணி நேரம் வரும், பழைய ஃபேன் என்றால் அதில் பாதிதான். ஒரே அறையில் எல்லாரும் படுத்துக்கொள்ளுங்கள். டிவி வேண்டாம்.

செல்போன் டவருக்கும் பேட்டரிதான், சில மணி நேரத்தில் அதுவும் தீரும். சிக்னல் தேடித் தேடியே போன் சார்ஜ் இறங்கும், ஃபிளைட் மோடில் போட்டு வைத்து மணிக்கு ஒரு தரம் எடுத்துப் பாருங்கள், பேச முடியாத நேரத்திலும் எஸ்எம்எஸ் போய்விடும். பைக்கில், ஆட்டோவில், படகு பேட்டரியில் எல்லாம் சார்ஜ் ஏற்றலாம். செல் போட்ட சின்ன ரேடியோ ஒன்று வாங்கி வையுங்கள், பாம்பனில் மீனவர்களுக்காக 2016-இல் தொடங்கிய கடல் ஓசை 90.4 இருக்கிறது, கோடை பண்பலை 100.5 இருக்கிறது. கையில் சில்லறையாகப் பணம் வையுங்கள், ஜிபே ஓடாது, ஏடிஎம்மும் ஓடாது.

இன்சுலின் போடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், திறந்த மருந்து 30 டிகிரிக்குள் சுமார் நாலு வாரம் தாங்கும். மண்பானையில் ஈர மணல் போட்டு நடுவில் டப்பாவுக்குள் வைத்து நிழலில் வையுங்கள். புயல் ஈரத்தில் பானை அவ்வளவாகக் குளிராது என்றாலும் வெயில் படாமல் காப்பாற்றும். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வேலை செய்யாது. ஆக்சிஜன் மெஷினில் இருக்கும் பெரியவர்களைப் புயலுக்கு முந்தின நாளே ஜெனரேட்டர் உள்ள ஆஸ்பத்திரிக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ கொண்டுபோய்விடுங்கள், பிறகு 108 வர ரோடு இருக்குமா என்று தெரியாது. ராத்திரி டார்ச் அடிக்காமல் கால் வைக்காதீர்கள், தண்ணீருக்குப் பயந்து பாம்பும் வீட்டுக்குள்தான் வரும்.

கரண்ட் வந்ததும் கைதட்டிக்கொண்டு எல்லாவற்றையும் போடாதீர்கள். போனபோதே மெயினை ஆஃப் செய்திருக்க வேண்டும். வந்த பிறகு தெருவிளக்கைப் பார்த்து ஒரு பதினைந்து நிமிடம் பொறுத்து, வீட்டில் குண்டு பல்பு ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்தாலோ மங்கி மங்கி எரிந்தாலோ நியூட்ரல் அறுந்திருக்கலாம், 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வரைக்கும் ஏறலாம், உடனே மெயினை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். தண்ணீர் ஏறிய பிளக் பாயின்ட் இருந்தால் எலக்ட்ரீசியன் பார்க்கும் வரை மெயினைத் தொடவே வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால் முதல் வேலை மோட்டார், டாங்க் நிரம்பட்டும், ஏனென்றால் சரிசெய்த முதல் இரண்டு நாள் லைன் திரும்பத் திரும்பப் போகும். அப்புறம் ஃபிரிட்ஜ். கடைசியாக இன்வெர்ட்டர் பேட்டரியைத் திறந்து மட்டம் பாருங்கள், இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், நம் ஊர் போர் தண்ணீரை ஊற்றினால் அடுத்த புயல் வரை அது தாங்காது.