ஸ்பிட்ஃபயர்ல வாட்டர் பம்ப் ஒழுகுதா? வீட்லயே மாத்திடலாம்

நம்ம வண்டி ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், 1296 சிசி. ரெண்டு வருஷத்துல ரெண்டு வாட்டர் பம்ப் மாத்தியாச்சு, முதல் பம்ப் வயசாகி போச்சு, ரெண்டாவது நானே கொன்னது, அது எப்படின்னு கீழ வரும்.

இந்த வண்டிய பாத்து பயப்படாதீங்க. 1961லேந்து நம்ம வண்டலூர்ல போட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு தெரியும்ல, அதே குடும்பத்து இன்ஜின்தான், ரெண்டுக்கும் பாடி டிசைன் பண்ணதும் அதே இத்தாலிக்காரர் மிக்கெலோட்டிதான். ஹெரால்டுல கை வெச்ச பழைய மெக்கானிக் யாராவது ஏரியால இருந்தா அவருக்கு இது தண்ணி பட்ட பாடு. பானெட் மட்கார்டோட சேந்து மொத்தமா முன்னாடி சாயும், நீங்க ஜாலியா முன் டயர் மேல உக்காந்துட்டு வேலை பாக்கலாம், இன்னிக்கி வர்ற எந்த வண்டிலயும் இந்த சுகம் கிடையாது.

முதல்ல ஒழுகுறது பம்ப்தானான்னு பாருங்க. பம்ப் அடில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ள சீல் போச்சுன்னா தண்ணி பேரிங்குக்கு போகாம வெளிய வரட்டும்னு வெச்சது. அதுலேந்து சொட்டினாலோ, அங்கேந்து கீழ வரைக்கும் பச்சையாவோ வெள்ளையாவோ உப்பு பூத்த கோடு இருந்தாலோ பம்ப் அவுட். நிறைய பேர் அந்த ஓட்டைய எம்-சீல் வெச்சு அடைக்குறாங்க, தயவுசெஞ்சு வேணாம், தண்ணி பேரிங்குக்குள்ள போய் ஒரு நாள் நடு ரோட்ல புள்ளி, அதாவது பெல்ட் ஓடற சக்கரம், ஜாம் ஆயிடும். பெல்ட்ட லூஸ் பண்ணிட்டு புள்ளிய ரெண்டு கைல புடிச்சு ஆட்டியும் பாருங்க, லேசா ஆடினாலும் பேரிங் போச்சுன்னு அர்த்தம். கேஸ்கட், அதாவது பம்ப்புக்கு பின்னாடி ஒழுகாம இருக்க வைக்கற மெல்லிசு அட்டை, அது ஓரமா மட்டும் கசிஞ்சா பம்ப் நல்லாதான் இருக்கும், கேஸ்கட் மாத்தினா போதும்.

பார்ட் வாங்குறப்ப பழச கைல எடுத்துட்டு போங்க. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல கேளுங்க, புதுப்பேட்டைலயும் ஒரு சுத்து சுத்துங்க, ஹெரால்டு பம்ப்னு யாராவது நீட்டினா இம்பெல்லர் (உள்ள தண்ணிய தள்ற சக்கரம்) அகலம், ஷாஃப்ட் நீளம், புள்ளி உக்காரற இடம் மூணையும் பக்கத்துல வெச்சு பாத்துட்டுதான் காசு குடுக்கணும். கிடைக்கலன்னா லேத்து பட்டறைல குடுத்து சீலும் பேரிங்கும் மாத்தி வாங்கலாம், இல்லன்னா இங்கிலாந்துலேந்து வரவழைக்கணும், கஸ்டம்ஸ் டியூட்டிய மறந்துடாதீங்க. ஸ்பானர் இன்ச் சைஸ்ல வேணும். இங்க பெரும்பாலும் அரை இன்ச், அதாவது 12.7 மில்லி, 13 நம்பர் ஸ்பானர் மாட்டிக்கற மாதிரிதான் இருக்கும் ஆனா துரு புடிச்ச நட்டுல போட்டீங்கன்னா மொக்கையாயிடும். முந்தின நாள் ராத்திரியே துரு ஆயில் அடிச்சு விட்டுடுங்க.

இன்ஜின் நல்லா ஆறினதுக்கு அப்புறம்தான் ரேடியேட்டர் மூடிய தொடணும், இதுல விளையாட்டே கிடையாது. பேட்டரி ஒயர கழட்டுங்க. கீழ ஒரு பேசின் வெச்சு ரேடியேட்டர் அடில இருக்கற குழாய தொறங்க, இன்ஜின் பிளாக்குலயும் ஒரு குழாய் இருக்கு, அத நிறைய பேர் மறந்துடுவாங்க, தொறந்தும் தண்ணி வரலன்னா சேறு அடைச்சிருக்கும், கம்பி விட்டு குத்துங்க. எனக்கு செம்மண் கொழம்பு மாதிரி வந்துச்சு. வெளிய வர்ற கூலன்ட்ட (ரேடியேட்டர்ல தண்ணியோட கலக்கற மருந்து) தெருவுல ஊத்தாதீங்க, தித்திப்பா இருக்கும்னு நாய் நக்கிடும், அது விஷம், எங்க தெருவுல பதினோரு நாய் இருக்கு.

அடுத்து டைனமோ போல்ட்ட லூஸ் பண்ணி உள்ள தள்ளி பெல்ட்ட எடுங்க. ஃபேன் பம்ப்புல இல்ல, கீழ கிராங்க் புள்ளில இருக்கு, அதனால அதுக்கு கை வைக்க வேணாம். ரேடியேட்டரையும் கழட்ட வேணாம், ஆனா அதோட இன்ஜின் பக்கமா ஒரு தடி அட்டைய சொருகி வைங்க, ஸ்பானர் வழுக்கினா ஃபின்லாம் நசுங்கி போகும். இப்ப பம்ப்ப சுத்தி இருக்கற நட்டுங்கள மட்டும் கழட்டினா முன்பக்கம் தனியா வந்துடும், ஹவுசிங் ஹெட்லயே இருக்கட்டும், அதோட போல்ட்டு அம்பது வருஷமா அங்கயே இருக்கு, முறுக்கினா உடையும். பம்ப் ஒட்டிட்டு வரலன்னா மரக்கட்டை வெச்சு லேசா தட்டுங்க, திருப்புளிய சொருகி நெம்பினா முகம் கீறி கடைசி வரைக்கும் ஒழுகும்.

ஹவுசிங் வாய்ல துணிய அடைச்சுட்டு பழைய கேஸ்கட்ட பிளேடால சுரண்டுங்க, கடைசியா நைஸ் உப்புத்தாள். துணிய திரும்ப எடுக்கணும். சிரிக்காதீங்க, எடுக்காம மூடின ஆள் நான்தான்.

பம்ப் மாட்டறதுக்கு முன்னாடி ஹோஸ் பைப்ப விட்டு உள்ள கழுவுங்க, தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும். போர் தண்ணி ஊத்தி ஊத்திதான் நம்ம ஊர் வண்டிங்களுக்கு உள்ள கெட்டில்ல படியற மாதிரி உப்பு படியுது, அந்த துகள்தான் புது சீல அறுக்கறதும். அப்படியே தெர்மோஸ்டாட்டையும் பாத்துடுங்க, இன்ஜின் சூடாகற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம தடுக்கற வால்வு அது. எங்க வீட்ல பால் பாத்திரத்துல போட்டு சூடு பண்ணேன், 82 டிகிரி கிட்ட வாய தொறந்துச்சு, அம்மாவும் தொறந்தாங்க, அந்த பாத்திரம் இப்ப கராஜ்லதான் இருக்கு. மெட்ராஸ் வெயிலுக்கு தெர்மோஸ்டாட்டே வேணாம்னு தூக்கி போடற பழக்கம் எனக்கு ஒத்து வராது, நல்லா இருந்தா அது பாட்டுக்கு இருக்கட்டும்.

புது கேஸ்கட்டுக்கு ரெண்டு பக்கமும் சீலன்ட் மெல்லிசா, தோசைக்கல்லுல எண்ணெய் தடவற மாதிரி போதும், அப்பினா பிதுங்கி ரேடியேட்டருக்கு போயிடும். நட்டுங்கள கைலயே எல்லாத்தையும் ஏத்திட்டு எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க, 20லேந்து 25 நியூட்டன் மீட்டருக்கு மேல போனா மரை போயிடும்.

இப்ப பெல்ட்டு. கிறீச்னு சத்தம் வருதேன்னு டைனமோவ கடப்பாரை போட்டு நெம்பி வீணை கம்பி மாதிரி இழுத்து கட்டினேன், எட்டு மாசத்துல பேரிங் காலி, நான் கொன்ன பம்ப் இதான். நீளமான பக்கத்துல நடுவுல கட்டை விரலால அழுத்தினா அரைலேந்து முக்கால் இன்ச் உள்ள போகணும், அவ்ளோதான். அப்பவும் கத்தினா பெல்ட் பளபளன்னு ஆயிருக்கும், புதுசு போடுங்க.

கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்கு பாதி. இங்க பனியா உறையுதுன்னு கேப்பாங்க, உறையறதுக்கு இல்ல சார், துரு புடிக்காம இருக்கறதுக்கும் கொதிநிலை 106 டிகிரி கிட்ட ஏறதுக்கும்தான். வண்டி மூக்கு மேல பாத்த மாதிரி நிக்கணும், நான் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் ரேம்ப்ல நிறுத்தி செகரட்டரிகிட்ட திட்டு வாங்கினேன். ஹீட்டர் இன்னும் இருந்தா அந்த வால்வ தொறந்து வெச்சுட்டு மெதுவா ஊத்துங்க, பேட்டரிய மாட்டி மூடி போடாம ஸ்டார்ட் பண்ணி மேல் ஹோஸ் திடீர்னு சூடாகற வரைக்கும் விடுங்க, அப்ப காத்து குமிழ் விட்டு மட்டம் இறங்கும், நிரப்பிட்டு மூடுங்க.

ராத்திரி வண்டிக்கு கீழ ஒரு பழைய அட்டைய போட்டு வைங்க. காலைல காஞ்சிருந்தா ஈசிஆர்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து திரும்பவும் பாருங்க, புது பெல்ட்டுன்னா முதல் 300 கிலோமீட்டருக்குள்ள கொஞ்சம் தளரும், அத மட்டும் ஒரு தடவ சரி பண்ணிடுங்க. பழைய பம்ப்ப காயலான் கடைக்கு போடாதீங்க, சீல் மாத்தி டிக்கில வெச்சுக்கலாம்.