பஞ்சரான டயரை எங்கே கழற்றலாம், எங்கே கூடாது

நாலு வழிச்சாலையில் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்து, தபதபவென்று சத்தம் வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டு, இண்டிகேட்டர் போட்டு, இடப்பக்கம் ஒதுங்குங்கள். நின்ற இடத்திலேயே ஜாக்கியை எடுப்பதுதான் பலரும் செய்கிற தப்பு.

எந்தப் பக்கத்து டயர் என்று முதலில் பாருங்கள். இடப்பக்கம் என்றால் வண்டியே ஓரளவு மறைப்பு. வலப்பக்கம் என்றால் நீங்கள் குந்தப்போவது லாரி போகிற பக்கம். ஸ்பேனரும் முழங்கையுமாக ஒரு மீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பீர்கள். டயருக்கும் ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே இரண்டு மீட்டராவது இல்லாவிட்டால் அங்கே கை வைக்காதீர்கள். 80 கி.மீ. வேகத்தில் வருகிற லாரி விநாடிக்கு 22 மீட்டர் கடக்கும். வளைவிலும் பாலத்திலும் மேடு இறங்குகிற இடத்திலும் டிரைவர் உங்களைப் பார்ப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

இடம் சரியில்லையா? ஹசார்ட் லைட்டை (நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) போட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் பெட்ரோல் பங்க் வரையோ அகலமான ஓரம் வரையோ உருட்டுங்கள். டயர் கிழியும், ரிம் நசுங்கலாம். போகட்டும். டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தியிருந்தால் பிடுங்காமல் காற்றடித்துக்கொண்டே பஞ்சர் கடைக்குப் போய்விடலாம்.

அடுத்தது தரை. மழை பெய்த மண்ணில் ஜாக்கி புதையும். அடியில் ஓர் அடி சதுரப் பலகை வேண்டும். சரிவில் தூக்கவே கூடாது. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அதில் ஒன்றைத் தூக்கினால் மிச்சம் ஒன்றுதான். கியரில் போட்டோமே என்பீர்கள். எஞ்சின் முன்சக்கரங்களை மட்டுமே சுழற்றுகிற முன்சக்கர டிரைவ் வண்டியில் முன்டயரைத் தூக்கியதும் அந்தச் சக்கரம் சும்மா சுழலும், கியரின் பிடி போய்விடும். அதனால் எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

ராத்திரி, கனமழை, குறுகலான ஓரம் என்றால் எல்லோரும் இறங்கிச் சாலையோரத் தடுப்புக்கு அப்பால் நின்று 1033-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கான உதவி எண்.

மாற்றுவதென்று முடிவானால், சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தை 50 மீட்டர் பின்னால் வையுங்கள். ஓரத்தில் எதிர்த்திசையில் பைக் வரும், இரு பக்கமும் பாருங்கள். ஜாக்கியைத் தொடுமுன் ஸ்டெப்னியை அழுத்திப் பாருங்கள். அதிலும் காற்றில்லை என்பது வண்டியைத் தூக்கிய பிறகு தெரியவேண்டாம். நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட்டே தூக்குங்கள்.