மலையூர்ப் பிரசவ சேவை: திட்டமிடும்போதே நேரும் தவறுகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் உள்ள பெட்டமுகிலாளம், உரிகம், சித்தேரி போன்ற மலையூர்களுக்குப் பிரசவ வசதி கேட்டு எழுதப்படும் மனுக்களில் முதல் வரியிலேயே வந்து நிற்பது கட்டடம். முதல் தவறும் அதுதான். கட்டடத்துக்கு ஒருமுறை பணம் ஒதுக்கினால் போதும். அதற்குள் இரவு 2 மணிக்கு விழித்திருக்க வேண்டிய செவிலியருக்கோ மாதந்தோறும் சம்பளம் வேண்டும். திறப்பு விழாவுக்குப் பிறகு பூட்டியே கிடக்கும் பிரசவ அறை எதுவும் செங்கல் போதாமல் பூட்டப்பட்டதில்லை.

ஆள் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் போட்டுப் பாருங்கள். மூன்று ஷிப்டுக்கு மூன்று செவிலியர் என்று எழுதிவிடுகிறார்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை பார்த்தால் அந்த நேரத்தை நிரப்பவே மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பு, பயிற்சி, தடுப்பூசி முகாம் எல்லாம் சேர்ந்தால் நான்கு பேரும் போதாது. இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். சிக்கலான பிரசவத்தைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போது, பணியில் இருக்கும் செவிலியரே அந்தத் தாயுடன் ஆம்புலன்சில் ஏறிப் போக நேர்ந்தால், அவர் திரும்பும்வரை பிரசவ அறை ஆளில்லாமல் கிடக்கும். அந்த நேரத்தில் இன்னொரு பெண் வலியோடு வந்து கதவைத் தட்டினால் யார் திறப்பது? ஐந்து பேருக்குக் குறைவாகக் கேட்காதீர்கள். அவர்கள் தங்கக் குடியிருப்பும் கேளுங்கள். தனி மருத்துவச்சிப் பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டுமானால் காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி அந்தப் பயிற்சிக்கே 18 மாதம் ஆகும்.

அடுத்தது, தேவையைக் கணக்கிடுவது. மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்பது விதி. ஆயிரத்துக்கு 15 பிறப்பு என்று வைத்துக்கொண்டால் 3,000 பேருக்கு ஆண்டுக்கு 45 பிறப்பு. கலைந்துபோகும் கருவுக்காக 10 சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய 50 கர்ப்பிணிகள். தாளில் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில் அல்லவா? ஓசூரில் வாழ்க்கைப்பட்ட பெண் வளைகாப்பு முடிந்ததும் பென்னாகரம் பக்கத்துத் தாய்வீட்டுக்கு வந்துவிடுகிறாள். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன தம்பதியும் பிரசவத்துக்கு ஊர் திரும்புகிறார்கள். மக்கள்தொகைக் கணக்கில் இவர்கள் இல்லை, பிரசவ அறையில் இருக்கிறார்கள். கடந்த மூன்று ஆண்டுப் பிரசவப் பதிவேட்டை மாதவாரியாக எடுத்து, யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். கர்நாடகத்தில் பரிசோதனை செய்துகொண்டு வருபவரிடம் பிக்மி எண், அதாவது தமிழக அரசின் கர்ப்பப் பதிவு எண், இல்லாமல் போகலாம். அந்த எண் இல்லாமல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி கிடைக்காது. வந்த அன்றே பதிந்து கொடுக்க ஓர் ஆள் வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் அந்த ஆளுக்குக் கன்னடமும் தெலுங்கும் தெரிந்திருப்பது நல்லது.

தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதுவதும் தவறுதான். பிரசவத்துக்குப் பின் ஏற்படும் கடும் ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும். ஆகவே மழைநாளில், நள்ளிரவில், காட்டுச் சாலையில் யானை நிற்கும்போது எவ்வளவு நேரமாகும் என்று எழுதுங்கள். சாலை இல்லாததால் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோன கோட்டூர் மலை இதே தருமபுரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 108 வந்து நிற்கும் இடம்வரை இறங்கிவர ஜீப் வாடகை, அது ஏறாத இடத்தில் தூளி கட்டித் தூக்கி வருவோருக்குக் கூலி என்று தனித்தனித் தலைப்பில் பணம் கேளுங்கள். கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு வரும் 10,000 ரூபாயை மார்ச் மாதக் கடைசியில் அவசர அவசரமாகச் செலவழிப்பதைவிட, அதில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கி வைக்கலாம்.

ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டிக்குப் பணம் கேட்டுவிட்டு இன்வெர்ட்டரை விட்டுவிடாதீர்கள்.

நாள் நெருங்கிய பெண்கள் முன்கூட்டியே வந்து தங்கக் காத்திருப்பு அறை கட்டுவது நல்ல யோசனை. ஆனால் கட்டில் போட்டுவிட்டால் வந்துவிடுவார்கள் என்று நினைக்கக் கூடாது. ஒன்பதாம் மாதத்தில் இருந்த ஒரு மலைப்பெண்ணை வந்து தங்கச் சொன்னபோது அவள் கேட்டாள்: "நான் வந்துவிட்டால் ஆட்டை யார் ஓட்டுவார்கள் சிஸ்டர்? பெரியவனுக்கு யார் களி கிண்டிப் போடுவார்கள்?" அங்கே யாரிடமும் பதில் இல்லை. வீட்டில் இருக்கும் பிள்ளையும் துணைக்கு வரும் மாமியாரும் தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, கணவனின் கூலி இழப்புக்கு ஒரு தொகை: திட்ட மதிப்பீட்டில் இந்த மூன்று வரிகளையும் சேர்த்துவிட்டு அவளிடம் மறுபடி போய்க் கேளுங்கள்.