கூட்டத்தோடு நீண்ட தூரம் சைக்கிள்: எங்கே தவறுகிறோம்

200 கிலோமீட்டர் ரைடைப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால் 'கால் ஒத்துழைக்கவில்லை' என்பார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால் வேறு கதை வரும். முதல் ஒரு மணி நேரம் யாரோ ஒருவரின் பின்சக்கரத்தை விடாமல் துரத்தியிருப்பார்கள். அவர் நின்ற இடத்தில் நின்று, அவர் நிற்காத இடத்தில் பசியை அடக்கிக்கொண்டு ஓட்டியிருப்பார்கள். தனியாகப் போனால் யாரும் செய்யாத தவறுகள் இவை. கூட்டம் கூடியதும் வேகம், ஓய்வு, சாப்பாடு, வழி என்று எல்லா முடிவுகளையும் முன்னால் போகிறவரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். நான் பார்த்தவரை சிக்கலில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கணக்கு. உலகெங்கும் நடக்கும் பிரெவே வகை ரைடுகளில், அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர ரைடுகளில், 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி நேரம் தருகிறார்கள். இது பந்தயம் அல்ல. முதலில் வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் ஒரே அங்கீகாரம்தான். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 200 கிலோமீட்டருக்குப் பத்து மணி நேரம் ஆகும். சாப்பிட, தண்ணீர் பிடிக்க, பஞ்சர் ஒட்ட இன்னும் மூன்றரை மணி நேரம் கையில் இருக்கும். இது தாராளமான அவகாசம். ஆனால் விடிகாலைக் குளிரில், கால் புதிதாக இருக்கும்போது, 25-இல் போகும் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளத்தான் தோன்றும். முதல் 50 கிலோமீட்டரை 20-க்குப் பதில் 25-இல் ஓட்டினால் மிச்சமாவது வெறும் அரை மணி நேரம். அதே சமயம் காற்றை எதிர்த்துத் தள்ளும் உழைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அந்தக் கடன் மதியத்துக்குமேல் வட்டியோடு திரும்பி வரும். சமதளத்தில் ஓட்டும்போது மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது உங்கள் கூட்டம் அல்ல. பின்னால் வரும் அடுத்த கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம், தனியாகவும் போகலாம்.

அந்த அரை மணி நேரம் எங்கே போகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். வழியில் வருகையைப் பதிவு செய்யும் இடமான கன்ட்ரோல் பாயின்ட்டில் எட்டுப் பேர் நின்றால் எட்டுப் பேருக்கும் எட்டு வேலை. ஒருவர் பாட்டிலை நிரப்பி முடிக்கும்போது இன்னொருவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருப்பார். எல்லோரும் தயாரானபின் ஒருவருக்குக் கழிப்பறை நினைவுக்கு வரும். இப்படி ஐந்து இடங்களில் இருபது நிமிடம் கூடுதலாக நின்றால் 100 நிமிடம் காலி. இந்த ரைடுகளில் கன்ட்ரோல் மூடும் நேரம் பெரும்பாலும் மணிக்கு 15 கிலோமீட்டர் கணக்கில் வைக்கப்படுகிறது. அதாவது 100-ஆவது கிலோமீட்டரில் இருக்கும் கன்ட்ரோல், புறப்பட்ட 6 மணி 40 நிமிடத்தில் மூடிவிடும். எனவே இறங்குவதற்கு முன்பே என்னென்ன வேலை என்று மனதில் வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் வருகையைப் பதிவு செய்யும் அட்டையில் முத்திரை வாங்குவதுதான் முதல் வேலை. முழுத் தூரத்தையும் ஓட்டிவிட்டு ஒரு முத்திரையை மறந்ததால் ரைடு செல்லாமல் போவதைவிட எரிச்சலான விஷயம் வேறில்லை. நண்பரின் கார் பின்னாலேயே வந்து தண்ணீர் கொடுப்பதும் இந்த வகை ரைடுகளில் விதிமீறல். கன்ட்ரோல் பாயின்ட்டில் மட்டுமே அந்த உதவியைப் பெறலாம்.

அடுத்தது, ஒருவர் பின் ஒருவராக ஓட்டுவது. நல்ல வேகத்தில் இன்னொருவரின் காற்று மறைவில் போனால் ஏறத்தாழ கால் பங்கு உழைப்பு மிச்சம். அந்த ஆசையில்தான் விபத்தும் நடக்கிறது. உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்திருக்கும்போது அவர் ஒரு குழியைத் தவிர்க்க லேசாக விலகினால் போதும், இரண்டு சக்கரமும் உரசும். அவர் பெரும்பாலும் தப்பிவிடுவார். விழுவது நீங்களும் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களும்தான். புதிதாக வருகிறவர்கள் முன்சக்கரத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டு ஓட்டுவார்கள். பார்வை முன்னால் போகிறவரின் தோளைத் தாண்டிச் சாலையில் இருக்க வேண்டும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்கும் அந்த நொடியில் சைக்கிள் ஒரு சாண் பின்னால் வருவதுபோல் ஆகும். எழுவதற்கு முன் பெடலைச் சற்று அழுத்தி மிதித்தபடியே எழுந்தால் பின்னால் வருகிறவர் பிழைப்பார்.

முன்னால் போகும் முறை வந்ததும் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டுவது இன்னொரு வியாதி. கூட்டம் உடைவது பெரும்பாலும் அப்போதுதான். அதே வேகத்தில் போங்கள், களைத்தால் ஒதுங்கிப் பின்னால் வந்துவிடுங்கள். குழி, கண்ணாடித் துண்டு, வேகத்தடை எதுவானாலும் கையால் காட்டிக் குரலும் கொடுங்கள். முன்னால் ஒருவர் காட்டினால் போதாது, கடைசி ஆள் வரை அது போய்ச் சேர வேண்டும். போனை எடுக்கவோ ஜெர்சியைக் கழற்றவோ வேண்டுமென்றால் கூட்டத்தின் கடைசிக்குப் போய்ச் செய்யுங்கள். நின்றால் சாலையை விட்டு முழுவதுமாக இறங்கி நில்லுங்கள்.

சாப்பாட்டில், பசித்த பின் சாப்பிடலாம் என்றால் காலம் கடந்துவிடும். உடலில் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் (சேமிப்பு மாவுச்சத்து) நாள் முழுவதற்கும் போதாது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். கூட்டம் எப்போது நிற்கும் என்று காத்திருக்காமல், ஜெர்சிப் பையில் இருப்பதை அரை மணிக்கொரு முறை கொஞ்சம் கடித்துக்கொண்டே போக வேண்டும். பக்கத்தில் வருகிறவர் நீட்டும் புது எனர்ஜி ஜெல்லை முதன்முதலாகச் சோதிக்க இது நாள் அல்ல. தண்ணீரிலும் எச்சரிக்கை வேண்டும். குறைவாகக் குடிப்பதைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். உப்பே சேராமல் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும் என்பதைச் சிலரே சொல்வார்கள். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், குழப்பம் என்று தொடங்கும் அது உயிருக்கே ஆபத்தாகலாம். தாகத்துக்குக் குடியுங்கள். முட்டிவலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓட்டுவதும் நல்லதல்ல. உடலில் நீர் வற்றிய நிலையில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

புது ஷூ, புது சீட், முந்தைய நாள் மாற்றிய சீட் உயரம் மூன்றுமே வேண்டாம். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடுவதும் வேண்டாம். தையல் உரசித் தோல் புண்ணாகும்.

'இத்தனை பேரில் யாரிடமாவது ட்யூப் இருக்கும்' என்பது எல்லாக் கூட்டத்திலும் கேட்கிற வசனம். இருக்கும்தான். ஆனால் அது உங்கள் சக்கர அளவுக்குப் பொருந்தாது, அல்லது வால்வு வேறு வகையாக இருக்கும். ட்யூப் இரண்டு, பேட்ச், டயர் லீவர், பம்ப் உங்களிடமே இருக்கட்டும். பின்சக்கரத்தை வீட்டிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். பஞ்சரானால் புது ட்யூபைப் போடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள் அங்கேயே இருந்தால் அடுத்த ட்யூபும் ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

வழி தவறுவதும் கூட்டமாகத்தான் நடக்கிறது. முதல் ஆள் பேச்சு சுவாரசியத்தில் திருப்பத்தை விட்டால் பின்னால் பன்னிரண்டு பேர் கேள்வி கேட்காமல் போவார்கள். பிரெவே விதிப்படி வழியை விட்ட இடத்துக்கே திரும்பி வந்து தொடர வேண்டும் என்பதால் தவறாகப் போன தூரம் இரட்டிப்பாகும். வழியைக் காட்டும் ஜிபிஎக்ஸ் ஃபைல் உங்கள் போனிலும் இருக்கட்டும், இணையம் இல்லாமலும் திறக்கும்படி.

இரவு ரைடு என்றால் முன்னும் பின்னும் விளக்கு, ஒளி திருப்பும் மேலங்கி கட்டாயம். பின் விளக்கை விட்டு விட்டு எரியும்படி வைத்தால் உங்களுக்குப் பின்னால் ஓட்டுகிறவருக்குக் கண் கூசி நரகமாகிவிடும். கூட்டத்தில் நிலையாக எரியட்டும். தூக்கம் வந்தால் கூட்டத்தின் பேச்சு காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். சைக்கிள் தானாக ஒரு பக்கம் சாய்ந்து போகிறது, கடந்த சில நிமிடங்கள் நினைவில் இல்லை என்றால் கண் திறந்தபடியே தூங்கியிருக்கிறீர்கள். பாதுகாப்பான இடத்தில் அலாரம் வைத்துப் பதினைந்து இருபது நிமிடம் படுத்து எழுங்கள். கூட்டம் போகட்டும்.

கடைசியாக, ரைடை நிறுத்த முடிவு செய்தால் சொல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் 'பின்னால் வருகிறார்' என்று நினைப்பார்கள், பின்னால் வருகிறவர்கள் 'முன்னால் போய்விட்டார்' என்று நினைப்பார்கள். நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்க, தன்னார்வலர்கள் நள்ளிரவில் உங்களைத் தேடிச் சாலையோரம் டார்ச் அடித்துக்கொண்டிருப்பார்கள். புறப்படும் முன்பே அமைப்பாளரின் எண்ணைப் போனில் சேமித்துவிடுங்கள். 'நிறுத்திவிட்டேன், நலமாக இருக்கிறேன், இன்ன இடம்' என்று ஒரு வரி அனுப்பினால் போதும்.