டி டிரைவுக்குக் கோப்புகளை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் கணினியில் 256 ஜிபி எஸ்எஸ்டி சி டிரைவாகவும், 1 டிபி ஹார்ட் டிஸ்க் டி டிரைவாகவும் இருப்பதைப் பரவலாகக் காண்கிறோம். இடம் ஏறக்குறைய நிரம்பி சி டிரைவின் பட்டை சிவப்பானவுடன் படங்களையும் ஆவணங்களையும் டி டிரைவுக்கு மாற்றுவது சரியான முடிவுதான். ஆனால் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த பிழைகளையே புதியவர்கள் அச்சுப் பிசகாமல் செய்வதைச் சர்வீசுக்கு வரும் கணினிகளில் தொடர்ந்து பார்க்கிறேன். இடம் போதுமா என்று பார்ப்பது, நகல் ஓடும்போது கேபிளை உருவாமல் இருப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

டிரைவையே ஃபோல்டராகக் காட்டுவது

டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதை விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில், அதாவது அமைப்புகளைப் பதிந்து வைக்கும் தரவுத்தளத்தில், குறித்து வைத்திருக்கிறது. அந்த ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் லொக்கேஷன் பகுதிக்குப் போய், மூவ் என்பதை அழுத்தி அந்த இடத்தை மாற்றலாம். அங்கே டி டிரைவுக்குள் தனி ஃபோல்டர் எதையும் உருவாக்காமல், வெறும் டி டிரைவையே தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஏனென்றால் இதனால் ஒரு குடும்பம் எதை இழந்தது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஓர் ஆசிரியையின் கணினியில் உறவினர் ஒருவர் டெஸ்க்டாப்பை இப்படி மாற்றிக் கொடுத்திருந்தார். மறுநாள் டி டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் அத்தனையும் டெஸ்க்டாப்பில் வந்து நின்றன. டி டிரைவைத் திறந்து பார்த்தபோது அங்கேயும் அவை இருந்ததால், டெஸ்க்டாப்பில் இருப்பவை வெறும் நகல்கள் என்று அவர் நினைத்து, மகளின் திருமண ஃபோல்டர் உட்பட எல்லாவற்றையும் அழித்தார். ரீசைக்கிள் பின் கொள்ளாத அளவு பெரியது என்பதால், நிரந்தரமாக நீக்கலாமா என்று விண்டோஸ் கேட்டபோதும் ஆம் என்று கொடுத்துவிட்டார். இரண்டு இடத்திலும் தெரிந்தது ஒரே கோப்புதான். மீட்பு மென்பொருளில் படங்கள் பெயரின்றி, தேதி வரிசையின்றி ஓரளவு கிடைத்தன. வீடியோக்கள் பெரும்பாலும் ஓடவில்லை.

இதைத் திருத்துவதும் எளிதன்று. அதே லொக்கேஷன் பகுதியில் ரீஸ்டோர் டிஃபால்ட் அழுத்தினால், டி டிரைவில் உள்ள எல்லாவற்றையும் சி டிரைவுக்குக் கொண்டுபோக விண்டோஸ் முயலலாம். அல்லது மாற்ற முடியாது என்று மறுக்கலாம். பிறகு ரெஜிஸ்ட்ரியில் யூசர் ஷெல் ஃபோல்டர்ஸ் என்ற இடத்தில் கைவைக்க வேண்டியிருக்கும். ஆகவே முதலிலேயே டி டிரைவில் டெஸ்க்டாப்புக்கு ஒன்று, டாக்குமெண்ட்ஸுக்கு ஒன்று, பிக்சர்ஸுக்கு ஒன்று எனத் தனித்தனி ஃபோல்டர்களை உருவாக்கிவிட்டு, அவற்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இவற்றில் ஏதேனும் இரண்டுக்கு ஒரே ஃபோல்டரைக் காட்டினாலும் ஏறக்குறைய இதே சிக்கல்தான்.

கட் செய்து பேஸ்ட் செய்வது

ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்குக் கட் செய்யும்போது விண்டோஸ் உள்ளுக்குள் நகலெடுத்துவிட்டு மூலத்தை நீக்குகிறது. நடுவில் மின்சாரம் போனால் பாதி அங்கும் பாதி இங்குமாக நிற்கும். காப்பி செய்து, இரு பக்கமும் ப்ராப்பர்ட்டீஸில் கோப்பு எண்ணிக்கையும் பைட் அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்து, சில பெரிய கோப்புகளைத் திறந்து சோதித்த பிறகே பழையதை அழிக்க வேண்டும்.

ஆப்டேட்டா, புரோகிராம் ஃபைல்ஸ்

செயலிகளும் அவற்றின் அமைப்புகளும் இருக்கும் இந்த ஃபோல்டர்களைத் தொடவே கூடாது.

டி டிரைவைக் காப்பு நகலாக நம்புவது

விண்டோஸில் வட்டுகளைக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மெண்ட் என்ற கருவியில் சி, டி இரண்டும் டிஸ்க் 0 என்ற ஒரே வரிசையில் இருந்தால், அவை ஒரே வட்டின் இரு பகுதிகள். வட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். தனி வட்டாக இருந்தாலும், மாற்றிய கோப்புக்கு இன்னொரு பிரதி வெளியே இருக்க வேண்டும்.

ஒன்டிரைவைக் கவனிக்காமல் விடுவது

மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவில் மேகக் குறி உள்ள கோப்பு கணினியில் இல்லை. பெயர் மட்டும்தான் இருக்கிறது. எப்போதும் இக்கணினியில் வைத்திரு என்ற தெரிவைக் கொடுத்து, பச்சைக் குறி வரும்வரை காத்திருந்து, ஒன்டிரைவின் ஃபோல்டர் பேக்கப்பை நிறுத்திய பிறகே லொக்கேஷனை மாற்றுங்கள்.