பழைய பிரீமியர் பத்மினி காருக்கு சிலிக்கான் பிரேக் ஆயில் மாற்றுவது எப்படி?

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் ஆக வேண்டும். பிரேக் ஆயிலில் ஈரம் ஏறியிருந்தால், அந்த இறக்கத்துச் சூட்டில் கொதித்து ஆவியாகிவிடும். பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. வழக்கமான பிரேக் ஆயில் ரகங்களான டாட் 3, டாட் 4 இரண்டுமே காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பவை. எப்போதாவது மட்டும் வெளியே எடுக்கிற பத்மினிக்கு, ஈரம் இழுக்காத டாட் 5 சிலிக்கான் ஆயில்தான் சரி. பெயிண்ட்டில் சிந்தினாலும் அரிக்காது. டாட் 5.1 சிலிக்கான் இல்லை, கவனம். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிக்கு டாட் 5 கூடாது.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பழைய ஆயிலை முழுக்க இறக்குங்கள்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. பழைய ஆயிலும் சிலிக்கானும் ஒன்றோடொன்று கலக்காது. பழைய ரப்பரெல்லாம் அந்த ஆயிலில் ஊறிக் கிடப்பவை. அதனால் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது), நாலு சக்கரத்திலும் உள்ள வீல் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் புது ரப்பர் கிட், புது ஹோஸ் போட்டுவிடுங்கள். என் வண்டியின் பின் சிலிண்டரைப் பிரித்தபோது அடியில் காப்பித்தூள் சேறு மாதிரி துரு. துடைத்துவிட்டு நகத்தால் தடவினேன், குழியில் நகம் மாட்டியது. அப்படிக் குழி விழுந்த சிலிண்டரைத் தேய்த்துச் சமாளிக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

பைப்புகளை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் விட்டு அலசி, கம்ப்ரஸர் காற்றால் நன்றாகக் காய வையுங்கள். பக்கத்தில் நெருப்பு ஆகாது. பெட்ரோல், மண்ணெண்ணெய் தொடவே வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். புது ரப்பரில் சிலிக்கான் ஆயிலையே தடவி மாட்டுங்கள்.

டப்பாவைக் குலுக்காமல், ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். இந்த ஆயில் காற்றுக் குமிழைச் சீக்கிரம் விடாது. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின் சக்கரத்தில் தொடங்கி, அப்புறம் வலது பின், இடது முன், வலது முன் என்று ஏர் எடுங்கள், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். கூட இருப்பவரிடம் பெடலைப் படபடவென்று அடிக்காமல் நிதானமாக மிதிக்கச் சொல்லுங்கள். நிப்பிளில் (சக்கரத்தில் ஏர் வெளியேற்றும் திருகு) மாட்டிய குழாயில் ஊதா நிற ஆயில் குமிழ் இல்லாமல் வர வேண்டும். ஓர் இரவு விட்டு, காலையில் இன்னொரு முறை எடுங்கள். பெடல் முன்பைவிடக் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் மிதிக்க மிதிக்க இறங்கினால் வண்டியை எடுக்காதீர்கள், அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஒவ்வொரு மூட்டிலும் கசிவு பாருங்கள். முதலில் வீட்டு வாசலில், பிறகு ஆளில்லாத சமதளத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொப்பூர். வண்டியிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் ‘சிலிக்கான் மட்டும்’ என்று பெயிண்ட்டால் எழுதிவிடுங்கள். வழியில் நின்றால், உதவ வருகிறவர் கையில் பெரும்பாலும் டாட் 3தான் இருக்கும்.